மாசி மாதத்து ஆள் கணக்கு ஒன்று: 'உயஅ', 'சயஎ' என்றால் என்ன? பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் வரவும்

பெட்டகத்துப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். போன மழையில் எங்கள் பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் ஓடு சரிந்துவிட்டது. அதைச் சாக்காக வைத்துப் பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வந்து (கானாடுகாத்தான் பக்கம்தான், நகரத்தார் வீடு) சாமான் அறைகளைக் காலி செய்தோம். பெட்டகத்தின் அடியில் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் நாலைந்து பேரேடு, நாள்வழி (அன்றாடக் கணக்கு), கொஞ்சம் ஓலை, அப்புறம் நாலாக மடித்த ஒரு நீளக் காகிதம். பேரேடுகளை அண்ணன் எடுத்துக்கொண்டார், ஓலையை யாரும் தொடவில்லை, காகிதம் என் பங்குக்கு வந்தது. எங்கள் வீட்டில் பங்கு பிரிப்பது இவ்வளவு சுமுகமாக முடிந்தது இதுதான் முதல் தடவை.

காகிதத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ஒரு தலைப்பு. நான் எழுத்துக்கூட்டிப் படித்தது 'காளெசுமாரி'. காளி, மாரி என்று வருகிறதே, அம்மன் கோயில் வரிக் கணக்காக இருக்கும் என்று நினைத்தேன். மாசி மாதம் என்று வேறு போட்டிருக்கிறது, காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனியில்தானே திருவிழா. ஆனால் உள்ளே பணம் என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாம் ஆள் பெயர், மொத்தம் 19 வரி. வருஷத்தில் 'பிர' தெரிகிறது, அடுத்து ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை, அடுத்து 'மாத', அதற்குப் பிறகு மடிப்பில் தேய்ந்துபோய்விட்டது. தேடிப் பார்த்ததில் பிரமாதி, பிரமாதீச என்று இரண்டு வருஷம் கிடைத்தது. எது?

முதல் வரியில் என் பாட்டையா (ஐயாவின் அப்பச்சி; எங்கள் பக்கம் அப்பச்சி என்றால் அப்பா, ஐயா என்றால் அப்பாவின் அப்பா) பெயர். பக்கத்தில் 'சயஎ', கடைசியில் 'ரெங்கூன்'. அந்த வரி முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறது. இப்படி ஐந்து ஆண்களின் வரி அடிபட்டிருக்கிறது. இறந்துபோனவர்களை அடித்திருப்பார்கள் என்றால், பாட்டையா 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர், அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

இரண்டாவது வரி 'ஷை' மாதிரி ஒரு எழுத்தில் தொடங்குகிறது. அது வரிக்கு வரி வருகிறது. அதன் பிறகு 'பெண்சாதி தெயவா' என்று எழுதி, ன மேல் தும்பிக்கை தூக்கினது போல ஒரு சுழி. நடுவில் வேறொரு பங்காளி வீட்டு ஆச்சி பெயருக்குப் பக்கத்தில் 'உயஅ'. உயர்ந்த என்பதன் சுருக்கமா? எங்கள் ஐயா பெயர் நாலாவது வரியில் தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் 'ய', கொஞ்சம் தள்ளி 'கூ'. ஐயா பிறந்தது துன்மதி வருஷம் ஆவணி என்று ஜாதகத்தில் இருக்கிறது.

இது சென்சஸ் மாதிரி இருக்கிறது என்கிறாள் என் மனைவி. இங்கிலாந்தில் நூறு வருஷம் கழித்துத் தாள்களையே எல்லோரும் பார்க்கத் திறந்துவிடுகிறார்களாம், 1921-ல் எடுத்ததை 2022-ல் விட்டார்கள். நம் ஊர்த் தாள்களை எங்கே போய்க் கேட்பது?

கணக்கெழுதினவர் பேரன்:

தம்பி, 'உயர்ந்த' என்று படித்தீர்கள் பாருங்கள், என் தாத்தா இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். அவர் தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர். நான் படித்த முதல் பாடம் அவருடைய சிட்டைதான்.

அவை எழுத்து இல்லை, எண். பழைய தமிழ் எண்கள் பெரும்பாலும் எழுத்துப் போலவே இருக்கும். க 1, உ 2, ச 4, ரு 5, சு 6, எ 7, அ 8, கூ 9, ய 10. மூன்று மட்டும் எழுதுகிற கைக்குக் கை மாறும், அதை அந்த ஏட்டிலேயே வேறு இடத்தில் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, அந்தக் காலத்துக் கணக்கில் பூஜ்யம் கிடையாது. இருபத்தெட்டு என்றால் 2, 10, 8 என்று மூன்றையும் எழுதுவார்கள், ௨௰௮. அதுதான் உங்கள் 'உயஅ'. அந்த ஆச்சிக்கு 28 வயது, உயரமெல்லாம் தெரியாது. 'சயஎ' நாலு பத்து ஏழு, பாட்டையாவுக்கு 47. ஐயாவுக்குப் பக்கத்தில் இருக்கிற தனி 'ய' 10.

'ஷை' என்று நீங்கள் மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான் வாசிக்கும். அது ௸, மேற்படி என்பதன் குறி. '௸ பெண்சாதி' என்றால் மேலே சொன்னவருடைய மனைவி. இதில் ஒரு இடறல் உண்டு. மேற்படி என்பது எப்போதும் நேர் மேல் வரியைக் குறிக்கும் என்று இல்லை, குடும்பத் தலைவரையும் குறிக்கலாம். நாலாவது வரியில் '௸ மகன்' என்றிருந்தால், யாருடைய மகன் என்பதைத் தலைவர் பெயரோடு சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்று குறி போட்டிருப்பார்கள், தேதி வரியில் தேடுங்கள். அண்ணனிடம் போன பேரேட்டில் ௷ என்றால் வரவு, ௶ என்றால் பற்று, ௹ என்றால் ரூபாய். எண்ணுக்குப் பின்னால் 'வ' வந்தால் கால், 'ப' வந்தால் மா, அதாவது இருபதில் ஒன்று. நான் சின்ன வயதில் 'உவ' என்று ஒரு இடத்தில் படித்துவிட்டு உவமை என்றால் என்ன தாத்தா என்று கேட்டேன். இரண்டே கால் மூட்டை அரிசி அது.

தும்பிக்கை என்றீர்களே, சரியாகத்தான் சொன்னீர்கள், அதன் பெயரே யானைத் தும்பிக்கை மாதிரிதான். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருகிற வரைக்கும் னை, லை, ளை, ணை நாலையும் அப்படித்தான் எழுதினார்கள். ஆக அது தெய்வானை. ய் மேல் புள்ளி இல்லையே என்று தேடாதீர்கள், வேகமாக எழுதுகிற கணக்குக் கைகள் புள்ளி வைக்காது. எ-வா ஏ-வா, ஒ-வா ஓ-வா என்பதும் கொம்பைப் பார்த்துத் தெரியாது, இரண்டுக்கும் ஒரே கொம்புதான் போடுவார்கள். துணைக்காலும் ர-வும் ஒரே மாதிரி இருக்கும்.

இப்போது தலைப்புக்கு வாருங்கள். ள இல்லை அது, ன. கடைசிச் சுழியை மட்டும் கீழே இழுத்துவிட்டிருப்பார். 'கானெசுமாரி', அதாவது கானேசுமாரி. காளியும் இல்லை மாரியும் இல்லை, பழைய சர்க்கார் தமிழில் சென்சஸுக்கு அதுதான் பெயர். தங்கச்சி சொன்னதுதான் சரி, நீங்கள் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டீர்கள்.

புதுவயல் குமார்:

நானும் முந்தாநாள் ஒரு பழைய பத்திரத்தைப் போனில் ஆப் வைத்துப் படமெடுத்துப் பார்த்தேன், 'உயரு' என்று இருந்ததை 'உயர்வு' என்று அழகாகத் திருத்திக் கொடுத்தது. 25 ரூபாய் கடன் அது. இதைப் படித்த பிறகுதான் புரிகிறது.

ஓய்வுபெற்ற காப்பகத்தான்:

சென்சஸ் தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. நம் நாட்டில் எண்ணிக்கை எடுத்து அட்டவணை போட்டு முடித்ததும் வீட்டுத் தாள்களை அழித்துவிடுவதுதான் வழக்கம், 1948-ஆம் வருஷச் சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு யாரும் பார்க்கவும் கூடாது, சாட்சியமாகவும் காட்டக் கூடாது என்கிறது. நூறு வருஷம் கழித்துத் திறப்பது என்ற பேச்சே இல்லை. அச்சில் இருப்பது தொகைதான். உதாரணமாக 1931-க்கு மதராஸ் மாகாணத்துக்கு யீட்ஸ் என்பவர் எழுதிய அறிக்கை இருக்கிறது, அதில் இராமநாதபுரம் ஜில்லாவில் இத்தனை பேர் என்று வரும், உங்கள் பாட்டையா வரமாட்டார். (சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான். பழைய அறிக்கையில் உங்கள் ஊரை இராமநாதபுரத்தில் தேடுங்கள். ராயவரம், கோனாபட்டு பக்கத்துக்காரர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தேட வேண்டும்.) அதனால் உங்கள் கையில் இருப்பது சர்க்கார் தாள் இல்லை. எண்ணுகிறவர் வரும்போது தடுமாறாமல் சொல்வதற்காக வீட்டுக் கணக்குப்பிள்ளை எழுதி வைத்த நகலாக இருக்கும். சர்க்காரிடம் இல்லாதது உங்கள் தகரப்பெட்டியில் இருக்கிறது, அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

வருஷத்துக்கு இரண்டு பெயர் சொன்னீர்கள், மூன்றாவது ஒன்று இருக்கிறது: பிரமோதூத. பிரமாதீச மாசி என்றால் 1914, பிரமோதூத மாசி என்றால் 1931, பிரமாதி மாசி என்றால் 1940. இப்போது ஓட்டையைப் பாருங்கள். பிர-வுக்கும் மா-வுக்கும் நடுவில் என்றுதானே சொன்னீர்கள்? பிரமாதியோ பிரமாதீசவோ என்றால் அந்த இடத்தில் எழுத்து எதுவும் கிடையாது, ர-வை ஒட்டியே ம வந்திருக்க வேண்டும். பிரமோதூத என்றால் ம-வுக்கு முன்னால் ஒரு கொம்பு நிற்கும். ஓட்டையின் அகலத்தை அளந்து, மற்ற வரிகளில் ர-வுக்கும் அடுத்த எழுத்துக்கும் எவ்வளவு இடம் விடுகிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பூச்சி தின்றது கொம்பைத்தான் என்று நினைக்கிறேன்.

வயதும் அதையே சொல்கிறது. துன்மதி ஆவணி என்றால் 1921. 1914-ல் உங்கள் ஐயா பிறக்கவே இல்லை, 1940-ல் 19 நடந்திருக்கும், 1931 மாசியில் 10 நடக்கும். நம் ஆட்கள் நடக்கிற வயதைத்தான் சொல்வார்கள். ஒரே ஒரு சந்தேகம், ஜாதகத்தில் இருப்பது துன்மதிதானா, துந்துபியா? அடுத்தடுத்த வருஷம், எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்று. ஐயாவின் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை வீட்டில் இருந்தால் பாருங்கள். 60 வருஷம் சுற்றி அதே பெயர் 1981-ல் வந்தது.

1931-ல் எண்ணிக்கை நாள் பிப்ரவரி 26, மாசி நடுவில் வருகிறது. அப்போதெல்லாம் சில வாரம் முன்பே வீடு வீடாக எழுதிக்கொண்டு போய்விட்டு, குறித்த இரவில் மறுபடி வந்து, அன்று அந்த வீட்டில் இல்லாதவர்களை அடித்துவிடுவார்கள். எங்கே இருக்கிறாரோ அங்கேதான் எண்ணுவது. பர்மாவும் அன்றைக்கு இந்தியக் கணக்கில்தான் சேர்த்தி, 1937-ல்தான் பிரித்தார்கள். அடித்த ஐந்து வரியிலும் கடைசியில் ரெங்கூன் என்றோ வேறு பர்மா ஊர் என்றோ இருக்கிறதா? இருந்தால் அவர்கள் செத்தவர்கள் இல்லை, கடையில் உட்கார்ந்து வட்டி எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

அப்புறம், தயவுசெய்து அந்தக் காகிதத்தின் மேல் பசைநாடா ஒட்டாதீர்கள், லேமினேஷன் போடவே போடாதீர்கள். மடிப்பில் தேய்ந்த இடத்துக்கு அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு மேசையாகப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் படமெடுங்கள், பேனா அழுத்திய தடம் நிழல் விழுந்து தெரியும். பின்பக்கத்து எழுத்து ஊறித் தெரிந்தால் அடியில் கறுப்புத் தாள் ஒன்றை வையுங்கள்.

பெட்டகத்துப் பேரன்:

அண்ணே, ஐயா, இரண்டு பேருக்கும் கோடி நன்றி. அடிபட்ட ஐந்து பேரில் மூன்று பேருக்கு ரெங்கூன், ஒருவருக்கு பசின், இன்னொருவருக்கு நான் 'மொலமென' என்று படித்தது மோல்மேன். ஐந்துமே பர்மா! ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், மாத-வுக்கு அப்புறம் மடிப்பில் இன்னொரு 'த' தடம் தெரிகிறது. பிரமோதூததான். மணிவிழாப் பத்திரிகையும் கிடைத்தது, 1981, துன்மதி என்றே அச்சடித்திருக்கிறது.

ஒன்றுதான் இடிக்கிறது. கூ என்றால் 9 என்றீர்கள். ஐயாவுக்கு ய-வும் இருக்கிறது, கூ-வும் இருக்கிறது. பத்தா, ஒன்பதா? திருத்தி எழுதினாரா? அப்படியென்றால் பழையதை அடித்திருக்க வேண்டாமா?

வலையப்பட்டி ஆச்சி:

தம்பி, எல்லா எழுத்தையும் எண்ணாகப் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. எண் வரிசையில் ய இருக்கிறது, கூ தள்ளி இருக்கிறது என்று நீங்களே முதலில் எழுதினீர்கள். அது வயதுப் பத்தியில் இல்லை.

நான் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நம்மில் மூத்த மகனுக்கு அப்பச்சியின் அப்பச்சி பெயரைத்தானே வைப்போம். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். உங்கள் பாட்டையாவின் தகப்பனார் பெயரும் உங்கள் ஐயா பெயரும் ஒன்றா? ஒன்றில்லை என்றால், பாட்டையாவுக்கு 47 வயதாகும்போது மூத்த மகனுக்கு 10 வயதுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கூ என்பது பிள்ளை கூட்டியது (தத்து எடுத்தது) என்பதற்கு அந்தக் கணக்குப்பிள்ளை போட்டுக்கொண்ட அடையாளமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டும்போது பெயரை மாற்றுவதும் உண்டு, மாற்றாமல் விடுவதும் உண்டு, அதனால் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கையெழுத்தோடு மல்லுக்கு நிற்பதை விட வேறு வழியும் இருக்கிறது. நமக்குச் சர்க்கார் கணக்கு எதற்கு? நம் நகரத்தார் கோயில் ஒன்பதிலும் புள்ளிக் கணக்கு இருக்கிறதே. கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி, பெயர் ஏறிவிடும். பிள்ளை கூட்டுவதும் அதே கோயிலுக்குள்தான், இளையாற்றங்குடிக்காரர் வைரவன்பட்டியில் போய்க் கூட்டிக்கொள்ள மாட்டார். உங்கள் கோயில் எதுவோ அங்கே ஐயா கல்யாணம் ஆன வருஷத்தைச் சொல்லிக் கேளுங்கள். அதைவிடச் சுலபம் ஐயாவுடைய கல்யாண இசைகுடிமானம், கல்யாணத்தில் எழுதுகிற ஒப்பந்த ஓலை. யாரும் தொடவில்லை என்றீர்களே அந்த ஓலைக் கட்டு, அதில் இருந்தாலும் இருக்கும். ஓலையை நீங்களாக எண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் பங்கு விவகாரம் எதுவும் நிலுவையில் இருந்தால் ஐயா பெயரையோ விலாசத்தையோ இங்கே போட வேண்டாம். எண்பது வருஷம் கழித்தும் இதை வைத்துப் பேச ஆள் வரும்.

கணக்கெழுதினவர் பேரன்:

ஆச்சி சொல்வதுதான் சரி, கூ-வை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். தம்பி, அதே கை எழுதிய நாள்வழி இருந்தால் 9 வருகிற இடங்களை எடுத்து அந்தக் கூ-வோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணை எழுதும்போது ஒரு மாதிரியும் சொல்லை எழுதும்போது ஒரு மாதிரியும் வால் விடுவார்கள்.

பெட்டகத்துப் பேரன்:

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அண்ணனிடமிருந்து நாள்வழியை வாங்குவது பத்திரம் பதிவதை விடக் கஷ்டமாக இருந்தது.

அதே கைதான். ஒன்பது எழுதும்போது அவர் வாலை நேரே கீழே இழுத்து விட்டுவிடுகிறார். சொல்லில் கூ எழுதும்போது வால் இடது பக்கம் திரும்பி ஒரு சுழி சுழிக்கிறது. ஐயா பெயருக்குப் பக்கத்தில் இருப்பது சுழித்த கூ. அதைப் பார்த்ததும் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது என்பது உண்மை. அப்புறம் பின்னோக்கி வருஷம் வருஷமாகப் புரட்டினேன், சுக்கில ௵ வைகாசி ௴ (1929 ஆகிறது, சரிதானே?) ஒரு பற்று: 'பிள்ளை கூட்டின வகையில்' என்று எழுதி, பந்தல், இலைக்கட்டு, பூ, மேளம் என்று கீழே அரைப்பக்கம் ஓடுகிறது. இலைக்கட்டின் எண்ணிக்கையைப் பார்த்தால் ஊரையே அழைத்திருக்கிறார்கள்.

எங்கள் அப்பச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா ஏன் வருஷம் தவறாமல் பள்ளத்தூரில் அந்த ஒரு வீட்டில் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் போய்விட்டு வருவார் என்று இப்போதுதான் தெரிகிறது" என்றார். பங்கு விவகாரம் எதுவும் இல்லை ஆச்சி, இருந்தாலும் சொன்னதற்கு நன்றி, விலாசம் போடவில்லை.

ஒரே ஒரு வரி மட்டும் பாக்கி. மூன்றாவது வரி. '௸ ஆத்தாள்' என்று இருக்கிறது, வயது 'எய', எழுபது. பெயர் இருந்த இடம் முழுக்க ராமபாணத்துக்குப் போய்விட்டது, ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. டார்ச், கறுப்புத் தாள் எல்லாம் பார்த்தாயிற்று. பாட்டையாவின் ஆத்தாள் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வலையப்பட்டி ஆச்சி:

பட்டியலில் பாட்டையாவுக்குப் பெண் குழந்தை யாராவது இருக்கிறதா? மூத்த மகளுக்கு அப்பத்தா பெயரைத்தான் வைத்திருப்பார்கள்.

பெட்டகத்துப் பேரன்:

ஐந்தாவது வரி, ஆச்சி. '௸ மகள் உமையாள், யஉ'. பன்னிரண்டு வயது. என் கண்ணில் தினமும் பட்டுக்கொண்டுதான் இருந்தது.